பாக்கெட் எங்கே உட்கார்ந்திருக்கிறது?



கம்ப்யூட்டர் நெட்வொர்க் பாடத்தில் நாம் எல்லோரும் வரைந்த படம் ஒன்று உண்டு. ஒன்றின் மேல் ஒன்றாகப் பெட்டிகள். மேலே அப்ளிகேஷன், அதற்குக் கீழே டி.சி.பி. அல்லது யூ.டி.பி., அதற்கும் கீழே ஐ.பி., அடியில் ஈதர்நெட். இடது பக்கம் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி, வலது பக்கம் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. ஸ்கேல் வைத்து ஒழுங்காக வரைந்துவிட்டால் மார்க் நிச்சயம்.

ஆனால் அந்தப் படம் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதில்லை. மேலிருந்து கீழே இறங்குகிறதே அந்த பாக்கெட், அது மெமரியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது? ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி இடமா, எல்லாவற்றுக்கும் ஒரே இடமா? வேலை முடிந்ததும் அந்த இடத்தைக் காலி செய்வது யார்?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. இதற்குப் பதில் தேடினால் நெட்வொர்க், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டா ஸ்ட்ரக்சர் என்று நாம் தனித்தனி நோட்டுப் போட்டுப் படித்த மூன்று பாடங்களும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. சிவில், மெக்கானிக்கல் நண்பர்களும் பக்கத்தைப் புரட்டிவிடாமல் படிக்கலாம். கொஞ்சம் கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுக்குகள் பல, பாக்கெட் ஒன்று. அடுக்கு மாறும்போது பாக்கெட் இடம் மாறுவதில்லை, அதற்குப் பொறுப்பாளர்தான் மாறுகிறார். இனி, ஏன், எப்படி என்று பார்ப்போம்.

அடுக்குக்கு ஒரு நகல் எடுத்தால்?

படத்தை அப்படியே நம்பி ஒருவர் புரோகிராம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்ளிகேஷன் கொடுத்த தகவலை சாக்கெட் அடுக்கு ஒரு நகல் எடுக்கும். டி.சி.பி. புதிதாக இடம் வாங்கி, முன்னால் தன் ஹெட்டரை எழுதி, பின்னால் தகவலை நகல் எடுக்கும். ஐ.பி.யும் அப்படியே. ஈதர்நெட்டும் அப்படியே. மொத்தம் நான்கு நகல். எழுதுவதற்கு மிகச் சுலபம், பார்ப்பதற்கும் அழகு. செலவு எவ்வளவு?

ஈதர்நெட்டில் ஒரு முழு பாக்கெட்டுக்குள் 1,500 பைட் போகும். ஹெட்டர், பிழை சரிபார்க்கும் பகுதி, முன்னோட்டக் குறி, இரண்டு பாக்கெட்டுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்தால் கம்பியில் அது பிடிக்கிற இடம் 1,538 பைட். வினாடிக்கு ஒரு கிகாபிட் லைன் என்றால் வினாடிக்கு சுமார் 81,000 பாக்கெட் போகும். அதாவது ஒரு பாக்கெட்டுக்கு நமக்குக் கிடைக்கிற நேரம் 12 மைக்ரோ செகண்டுக்குச் சற்று அதிகம்.

கம்பியில் போகிற தகவல் வினாடிக்குச் சுமார் 122 மெகாபைட். நான்கு தடவை நகல் எடுத்தால் 488 மெகாபைட். நகல் என்றால் ஓரிடத்தில் படித்து இன்னோரிடத்தில் எழுதுவது, ஆகவே அதையும் இரண்டால் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 975 மெகாபைட்! வெளியே போகிற சரக்கைப் போல எட்டு மடங்கு சரக்கு உள்ளேயே இங்கும் அங்கும் தூக்கிச் சுமக்கப்படுகிறது. பிராசஸர் கணக்குப் போடுவதில் எவ்வளவு வேகமானாலும், இந்தச் சுமை கூலி மெமரியின் வேகத்தில்தான் நடக்கும். லைன் வேகமாகும்போதெல்லாம் இந்தக் கூலியும் ஏறும்.

தாலுகா ஆபீஸ் ஃபைல்

இதற்கு வழி நம் ஊர் அரசு அலுவலகத்திலேயே இருக்கிறது. ஒருவர் பட்டா மாறுதலுக்கு மனு கொடுக்கிறார். அந்த மனு ஒரு டேபிளில் இருந்து அடுத்த டேபிளுக்குப் போகிறது. ஒவ்வொரு டேபிளிலும் உட்கார்ந்திருப்பவர் மனுவைத் திரும்ப எழுதுவதில்லை. மேலே ஒரு குறிப்புத் தாளை வைத்து, டேக் கட்டி, அடுத்த டேபிளுக்குத் தள்ளிவிடுகிறார். மனு அதே மனுதான். குறிப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும். அடுத்தவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டால் ஃபைல் அவருடைய பொறுப்பு.

ஆபரேட்டிங் சிஸ்டமும் இதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் மெமரியில் தாளைச் சொருகுவது அத்தனை எளிதல்ல. மெமரி என்பது வரிசையாக எண் போட்ட அறைகள். ஒரு தகவல் 1000-வது அறையில் தொடங்கினால், அதற்கு முன்னால் உள்ள 999-வது அறை வேறு யாருக்காவது சொந்தமாக இருக்கலாம். அங்கே ஹெட்டரை எழுத முடியாது. இதற்கு இரண்டு தீர்வு வந்தது. ஒன்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பிறந்தது. இன்னொன்று லினக்ஸ் கெர்னலில் வளர்ந்தது.

பெர்க்லி வழி: சின்னப் பெட்டிகளின் சங்கிலி

1983-ல் பெர்க்லியில் இருந்து 4.2 பி.எஸ்.டி. யுனிக்ஸ் வெளிவந்தது. டி.சி.பி./ஐ.பி.யும் சாக்கெட்டும் பரவலானதற்கு அது முக்கியக் காரணம். அந்தக் காலத்து வாக்ஸ் கம்ப்யூட்டர்களில் மொத்த மெமரியே சில மெகாபைட்தான். நெட்வொர்க்குக்கு என்று தாராளமாக ஒதுக்க வழியில்லை. ஆகவே அவர்கள் எம்பஃப் என்று ஒரு சின்னப் பெட்டியை உருவாக்கினார்கள்.

பிறகு வந்த 4.4 பி.எஸ்.டி.யின் கணக்கைச் சொல்கிறேன். ஒரு எம்பஃப் என்பது மொத்தம் 128 பைட். அதில் 20 பைட் நிர்வாகத்துக்கு. அடுத்த பெட்டி எது, தகவல் எந்த இடத்தில் தொடங்குகிறது, நீளம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். மீதி 108 பைட் தகவலுக்கு. பாக்கெட்டின் முதல் பெட்டியில் மட்டும் மொத்த நீளம் முதலிய விவரத்துக்கு இன்னும் 8 பைட் போய், 100 பைட் மிஞ்சும். தகவல் பெரிதானால் பெட்டிக்குள் வைக்காமல், கிளஸ்டர் எனப்படும் 2,048 பைட் கொண்ட தனி இடத்தில் வைத்துவிட்டு, பெட்டிக்குள் அதன் முகவரியை மட்டும் எழுதிக்கொள்ளும்.

டேட்டா ஸ்ட்ரக்சர் லேபில் "இது எங்கே சார் பயன்படும்?" என்று நாம் கேட்ட லிங்க்டு லிஸ்ட் இங்கே வருகிறது. ஒரு பாக்கெட் என்பது எம்பஃப்களின் சங்கிலி. அதற்கு மேல், பாக்கெட்டுகளும் ஒன்றோடொன்று இன்னொரு பாயின்ட்டரால் கோக்கப்படும். ஒரு மாலைக்குள் பூக்கள், பிறகு மாலைகளின் வரிசை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. யூ.டி.பி. வழியாக 150 பைட் அனுப்புகிறோம். முதல் பெட்டியில் 100, இரண்டாவதில் 50. இப்போது யூ.டி.பி. ஹெட்டர் 8, ஐ.பி. ஹெட்டர் 20, ஆக 28 பைட் முன்னால் சேர்க்க வேண்டும். முதல் பெட்டியில் இடமில்லை. என்ன செய்வது? புதிதாக ஒரு பெட்டி வாங்கி சங்கிலியின் முன்னால் கோத்துவிட வேண்டியதுதான். பழைய 150 பைட்டை யாரும் தொடவே இல்லை. இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். அந்த 28 பைட்டைப் புதுப்பெட்டியின் தொடக்கத்தில் எழுதாமல் கடைசியில் எழுதுவார்கள். முன்னால் 72 பைட் காலியாக இருக்கும். அடுத்து ஈதர்நெட் தன் 14 பைட் ஹெட்டரோடு வரும்போது, இன்னொரு பெட்டி வாங்காமல் அந்தக் காலி இடத்திலேயே எழுதிக்கொள்ளும்.

இந்த முறையில் ஒரு சிரமமும் உண்டு. ஹெட்டரைப் படிக்கிற அடுக்கு, அந்த ஹெட்டர் முழுவதும் ஒரே பெட்டியில் தொடர்ச்சியாக இருக்கும் என்று எதிர்பார்க்கும். 20 பைட் ஐ.பி. ஹெட்டரில் 12 ஒரு பெட்டியிலும் 8 அடுத்த பெட்டியிலும் கிடந்தால் படிக்க முடியாது. அப்போது புல்-அப் என்ற ஒரு செயல்பாடு, தேவையான பைட்டுகளை மட்டும் முன்பெட்டிக்கு இழுத்துச் சேர்த்துக் கொடுக்கும். அது ஒரு சின்ன நகல்தான், ஆனாலும் நகல் நகல்தானே. மெமரியை மிச்சம் பிடித்ததற்கு வேலையில் கொடுக்கிற விலை இது. இன்றைய ஃப்ரீ பி.எஸ்.டி.யிலும் எம்பஃப் உயிரோடு இருக்கிறது. பெட்டி மட்டும் 256 பைட்டாகப் பெருத்திருக்கிறது.

லினக்ஸ் வழி: முன்கூட்டியே ஓரம் விடுவது

பரீட்சை விடைத்தாளில் முதல் பக்கத்தை நாம் தொடுவதில்லை. பதிவெண்ணுக்கு, மதிப்பெண் கூட்டலுக்கு என்று அந்த இடம் முன்பே ஒதுக்கப்பட்டிருக்கும். லினக்ஸில் உள்ள எஸ்.கே.பஃப் இந்த மாதிரிதான். பாக்கெட்டின் தொடர்ச்சியான பகுதிக்கு ஒரே நீளமான இடம் வாங்கு, பின்னால் வரப்போகும் ஹெட்டர்களுக்கு முன்னாலேயே ஓரம் விட்டுவிடு.

இதை நான்கு பாயின்ட்டர்கள் நிர்வகிக்கின்றன. ஹெட் என்பது இடத்தின் தொடக்கம், எண்ட் என்பது இடத்தின் முடிவு. இந்த இரண்டும் வேலி மாதிரி, நகராது. டேட்டா என்பது இப்போதைய பாக்கெட்டின் தொடக்கம், டெயில் என்பது அதன் முடிவு. இந்த இரண்டும் வேலிக்குள் நகரும்.

"வணக்கம்" என்ற ஒரு சொல்லை யூ.டி.பி.யில் அனுப்பிப் பார்க்கலாம். யூனிகோடின் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு குறிகள், ஆக 21 பைட். தேவையான ஹெட்டர்கள் 8, 20, 14, ஆக 42 பைட்.

1. ரிசர்வ்: டேட்டா, டெயில் இரண்டையும் 42 பைட் தள்ளி வை. முன்னால் ஓரம் தயார். (கெர்னல் உண்மையில் இதைவிடச் சற்றுத் தாராளமாகவே விடும். கணக்குக்காகச் சரியாக 42 என்று வைத்திருக்கிறேன்.)

2. புட்: டெயிலை 21 பைட் பின்னால் நகர்த்தி, அந்த இடத்தில் "வணக்கம்" எழுது.

3. புஷ்: டேட்டாவை 8 பைட் முன்னால் நகர்த்தி யூ.டி.பி. ஹெட்டர் எழுது. டேட்டா இப்போது 34-ல் நிற்கும்.

4. மறுபடி புஷ் 20, ஐ.பி. ஹெட்டர். டேட்டா 14-ல்.

5. மறுபடி புஷ் 14, ஈதர்நெட் ஹெட்டர். டேட்டா 0-ல். ஓரம் தீர்ந்தது, 63 பைட் பாக்கெட் தயார்.

கவனித்தீர்களா? முதலில் எழுதிய 21 பைட் கடைசிவரை எழுதிய இடத்திலேயே இருக்கிறது. மூன்று அடுக்கும் செய்தது மொத்தம் மூன்று கழித்தலும், தன் தன் ஹெட்டரை எழுதியதும்தான். வருகிற பாக்கெட்டுக்கு இதற்கு நேர் எதிர். புல் என்ற செயல்பாடு டேட்டாவைப் பின்னால் நகர்த்தும். ஈதர்நெட் படித்துவிட்டு 14 நகர்த்தும், ஐ.பி. படித்துவிட்டு 20 நகர்த்தும். ஹெட்டரை அழிக்க வேண்டியதில்லை, தாண்டிப் போனால் போதும்.

இன்னொரு நுணுக்கம். ஈதர்நெட் ஹெட்டர் 14 பைட் என்பதால், அதற்கடுத்த ஐ.பி. ஹெட்டர் நான்கால் வகுபடாத முகவரியில் போய் உட்காரும். சில பிராசஸர்களுக்கு இது ஆகாது. ஆகவே அந்த மெஷின்களில் பாக்கெட்டை வாங்கும்போதே டிரைவர் 2 பைட் கூடுதலாகத் தள்ளி வைக்கும். 14-ம் 2-ம் 16, ஐ.பி. ஹெட்டர் சரியான இடத்தில் வந்துவிடும். அடியில் இருக்கிற டிரைவர், தனக்குச் சம்பந்தமில்லாத மேல் அடுக்கின் வசதிக்காக இடம் விடுகிறது. படத்தில் பெட்டிகளுக்கு நடுவே நாம் போட்ட கோடு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், நடைமுறையில் இப்படி விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

கையெழுத்துப் போட்டு வாங்குவது

இனி பொறுப்பு விஷயம். பாக்கெட் ஒரே இடத்தில் இருக்கிறது, பல அடுக்குகள் அதைத் தொடுகின்றன என்றால், காலி செய்வது யார்? யாருமே செய்யாவிட்டால் அந்த மெமரி திரும்ப வராது. நாள் முழுக்க ஓடுகிற மெஷினில் துளித்துளியாக ஒழுகி, ஒரு நாள் புதிய பாக்கெட்டுக்கு இடமில்லாமல் நின்றுபோகும். இரண்டு பேர் காலி செய்தால் அதைவிட மோசம். முதல் ஆள் காலி செய்த இடம் அதற்குள் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். இரண்டாவது ஆள் அதைப் பிடுங்கி எறிவார்.

ஆகவே விதி இதுதான்: அடுத்த அடுக்கிடம் கொடுத்துவிட்டால் அதன் பிறகு தொடாதே. வாங்கியவர் ஒன்று மேலே அனுப்ப வேண்டும், அல்லது காலி செய்ய வேண்டும். இந்த ஒழுக்கத்தை மீறுகிற டிரைவர்தான் கெர்னலைக் கவிழ்க்கிறது.

"சரி, டி.சி.பி. என்ன செய்யும்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. டி.சி.பி. ஒரு பாக்கெட்டை அனுப்பிவிட்டு மறந்துவிட முடியாது. மறுமுனையில் இருந்து "கிடைத்தது" என்று பதில் வரும்வரை வைத்திருக்க வேண்டும். வராவிட்டால் திரும்ப அனுப்ப வேண்டும். ஆனால் கீழே கொடுத்ததைத் தொடக்கூடாது என்பது விதி. பாக்கெட்டுக்கு ஒரு நகல் எடுத்து வைத்தால் முதலில் போட்ட கணக்கெல்லாம் வீண்.

இதற்குத்தான் எண்ணிக்கை வைக்கிறார்கள். லினக்ஸில் குளோன் என்பது, பாயின்ட்டர்கள் உள்ள மேலட்டையை மட்டும் இன்னொன்று செய்து, இரண்டு மேலட்டையும் ஒரே தகவலைக் காட்டச் செய்வது. அந்தத் தகவலில் "என்னை இருவர் பிடித்திருக்கிறார்கள்" என்று ஓர் எண் இருக்கும். டிரைவர் அனுப்பி முடித்ததும் எண் ஒன்றாகும். பதில் வந்து டி.சி.பி. விட்டதும் பூஜ்யமாகும். பூஜ்யமானால்தான் இடம் காலி. பெர்க்லி முறையிலும் கிளஸ்டருக்கு இதே போல எண்ணிக்கை உண்டு. ஒரு நிபந்தனை மட்டும்: இருவர் பிடித்திருக்கும்போது தகவலை யாரும் திருத்தக் கூடாது. திருத்தியே ஆக வேண்டுமென்றால் அப்போது உண்மையான நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்?

டேபிளில் ஃபைல் குவிந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பஃபரும் அப்படித்தான். குறைந்தாலும் தொல்லை, கூடினாலும் தொல்லை.

முதலில் குறைவதைப் பார்ப்போம். டி.சி.பி.யில் வாங்குகிறவர் "என்னிடம் இவ்வளவு இடம் இருக்கிறது" என்று ஒவ்வொரு பதிலிலும் சொல்லி அனுப்புவார். அதற்கு விண்டோ என்று பெயர். அதற்கு மேல் அனுப்பக் கூடாது. அதாவது நம் கெர்னலுக்குள் இருக்கும் பஃபரின் அளவுதான், உலகத்தின் மறுமூலையில் இருக்கும் சர்வரின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. பழைய டி.சி.பி.யில் விண்டோவுக்கு 16 பிட்தான், அதிகபட்சம் 65,535 பைட். போய்வர 200 மில்லி செகண்ட் ஆகிற தூரத்தில் சர்வர் இருந்தால், வினாடிக்கு ஐந்து தடவைதான் இந்த அளவு நிரம்பும். கணக்குப் போட்டால் வினாடிக்கு 2.6 மெகாபிட். நீங்கள் 100 மெகாபிட் லைனுக்குப் பணம் கட்டினாலும் அந்த ஓர் இணைப்பில் 2.6-தான்! 1992-ல் விண்டோவைப் பெருக்கிச் சொல்கிற முறை வந்த பிறகுதான் இது தீர்ந்தது. முழு 100 மெகாபிட் வேண்டுமானால் அந்தத் தூரத்துக்கு 2.5 மெகாபைட் பஃபர் வேண்டும்.

"அப்படின்னா எல்லா இடத்திலும் பஃபரைப் பெரிசா வெச்சா முடிஞ்சுது" என்று தோன்றும். அங்கேதான் அடுத்த வினை. விண்டோவுக்கான பஃபர் வேறு, லைனில் போகக் காத்திருக்கும் வரிசை வேறு. வீட்டு மோடத்தில் மேலே அனுப்பும் வேகம் 1 மெகாபிட், அதன் முன்னால் 250 கிலோபைட் வரிசை என்று வைப்போம். அது நிரம்பிவிட்டால், கடைசியில் வந்து நிற்கிற பாக்கெட் வெளியே போக 2 வினாடி ஆகும். தம்பி ஒரு வீடியோவை மேலே ஏற்றிக்கொண்டிருந்தால், அக்காவின் ஆன்லைன் வகுப்பில் குரல் விட்டுவிட்டுக் கேட்பது இதனால்தான். லைன் மெதுவாக இருப்பது ஒரு பங்கு, வரிசை நீளமாக இருப்பது பெரும் பங்கு. பாக்கெட் தொலைந்தால்தான் டி.சி.பி. தன் வேகத்தைக் குறைக்கும். பெரிய பஃபரோ எதையும் தொலையவிடாமல் பத்திரமாக வைத்துக்கொண்டு, நெரிசல் என்ற சேதியை மறைத்துவிடுகிறது. 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்பவர் இதை எடுத்துக்காட்டி பஃபர்புளோட், அதாவது பஃபர் வீக்கம் என்று பெயர் சூட்டினார். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் கோடெல் என்ற முறையைக் கொடுத்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காமல், பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்ப்பது அதன் சாரம். தொடர்ந்து 100 மில்லி செகண்ட் அளவுக்கு, காத்திருப்பு 5 மில்லி செகண்டுக்குக் கீழே இறங்காமலே இருந்தால், பாக்கெட்டைக் கீழே போடத் தொடங்கும்.

கணக்கில் இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. டிரைவர் 2,048 பைட் கிளஸ்டரில் பாக்கெட்டை வாங்குகிறது. வந்ததோ நம் "வணக்கம்" 21 பைட். சாக்கெட்டின் கணக்கில் 21 என்று எழுதுவதா, 2,048 என்று எழுதுவதா? 21 என்று எழுதினால், ஒரு வம்பன் குட்டிக் குட்டிப் பாக்கெட்டாக அனுப்பியே மெமரியைத் தீர்த்துவிடுவான், நம் கணக்கு மட்டும் "இடம் நிறைய இருக்கு" என்று காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பி.எஸ்.டி. இரண்டு கணக்கு வைக்கிறது: தகவல் எவ்வளவு, அதற்காகப் பிடித்த மெமரி எவ்வளவு. லினக்ஸும் ஒவ்வொரு எஸ்.கே.பஃப்பிலும் அதன் உண்மையான மெமரிப் பளுவைத் தனியாக எழுதி வைக்கிறது.

2019: பதினேழு துண்டுகளின் கதை

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்காக ஒரு நிஜச் சம்பவம். 2019 ஜூன் மாதம் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் கண்டுபிடித்த குறை வெளியிடப்பட்டது. சாக் பேனிக் என்று அதற்குப் பெயர் வந்தது. வெளியில் இருந்து, பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல், தகுந்த மாதிரி சில பாக்கெட்டுகளை அனுப்பியே ஒரு லினக்ஸ் சர்வரைக் கவிழ்த்துவிடலாம். 2009-ல் வந்த 2.6.29 பதிப்பு முதல் எல்லாக் கெர்னலுக்கும் இது பொருந்தியது. பத்து வருஷமாக யார் கண்ணிலும் படவில்லை!

காரணம் நாம் பேசிக்கொண்டிருக்கிற பஃபர்தான். பெரிய தகவலை எஸ்.கே.பஃப் தன் நீளமான இடத்தில் வைக்காமல், தனித்தனித் துண்டுகளாக வைத்துக்கொள்ளும். அதிகபட்சம் 17 துண்டு. இன்டெல் வகை பிராசஸரில் ஒரு துண்டு 32 கிலோபைட் வரை. ஆக ஒரு எஸ்.கே.பஃப்பில் 5,57,056 பைட் வரை சேரலாம். இது கம்பியில் எத்தனை பாக்கெட்டாகப் பிரியும் என்பதை 16 பிட் எண்ணில் எழுதிவைத்தார்கள். அதன் உச்சம் 65,535.

வழக்கமாக ஒரு பாக்கெட்டுக்கு 1,400 பைட்டுக்கு மேல் தகவல் போகும். சில நூறு பாக்கெட்தான் வரும், கவலையே இல்லை. ஆனால் ஒரு பாக்கெட்டில் எவ்வளவு தகவல் வரலாம் என்று சொல்கிற உரிமை மறுமுனைக்கு உண்டு. அவன் வேண்டுமென்றே 48 என்று சொன்னால், டி.சி.பி.யின் கூடுதல் விவரங்களுக்கு 40 போய் மிஞ்சுவது 8 பைட்தான். இப்போது 5,57,056-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள். 69,632. 65,535-ஐத் தாண்டிவிட்டது! பல எஸ்.கே.பஃப்களை ஒன்றாகச் சேர்க்கும் நேரத்தில் எண் வழிந்து, கெர்னல் "ஏதோ தப்பு" என்று தானே நின்றுவிடும்.

மூன்று எண்ணையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் குற்றம் இல்லை. 17 என்பது மெமரிப் பகுதியின் முடிவு. 48 என்பது டி.சி.பி. பகுதியின் முடிவு. 16 பிட் என்பது இடம் மிச்சம் பிடிக்கும் முடிவு. மூன்றும் ஒரே பஃபரில் வந்து சந்தித்தபோதுதான் வெடித்தது. அடுக்குகளைத் தனித்தனியாகப் படித்தால் மட்டும் போதாது, நடுவில் ஓடுகிற பஃபரையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

நம் கையில் இருக்கும் பலகை

புராஜெக்டுக்கு நம்மில் பலர் எடுக்கிற ஈ.எஸ்.பி.32 பலகையில் எல்.டபிள்யூ.ஐ.பி. என்ற குட்டி டி.சி.பி./ஐ.பி. ஓடுகிறது. சுவீடனில் ஆடம் டங்கல்ஸ் என்பவர் தொடங்கிவைத்தது. கிலோபைட் கணக்கில் மெமரி உள்ள மெஷின்களுக்கென்றே எழுதப்பட்டது. அதில் பாக்கெட் வைக்கும் பெட்டிக்கு பிபஃப் என்று பெயர். எம்பஃப்பின் தம்பி என்று சொல்லலாம், அதே சங்கிலி முறைதான்.

இதன் அடிமட்ட முறையில் நேரடியாக புரோகிராம் எழுதுபவர்கள் இரண்டு விஷயத்தை மறக்கக் கூடாது. தகவலைப் படித்து முடித்ததும் பிபஃப்பைக் காலி செய்ய வேண்டும். "இவ்வளவு பைட் படித்துவிட்டேன்" என்று டி.சி.பி.யிடமும் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாவதை மறந்தால் பெட்டிகள் தீர்ந்துபோகும். எல்.டபிள்யூ.ஐ.பி.யின் இயல்பான அமைப்பில் பாக்கெட் வாங்கும் குளத்தில் 16 பெட்டிதான் இருக்கும், தீர எத்தனை நேரம் ஆகும்? இரண்டாவதை மறந்தால் விண்டோ மெல்ல மூடி, மறுமுனை அனுப்புவதை நிறுத்திவிடும். பலகை உயிரோடு இருக்கும், லைட் எரியும், ஆனால் தகவல் வராது. நோய் வேறு, ஆனால் பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். எந்தக் கணக்கு தீர்ந்தது, பெட்டியா, விண்டோவா என்று கேட்கத் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். தெரியாதவர் வைஃபையைத் திட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டிருப்பார்.

பெரிய மெஷினில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: ஃப்ரீ பி.எஸ்.டி.யில் நெட்ஸ்டாட் கட்டளையோடு எம் என்ற எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தால், எத்தனை எம்பஃப் பயனில் இருக்கிறது, எத்தனை தடவை கேட்டுக் கிடைக்கவில்லை என்ற கணக்கு முழுவதும் வரும். லினக்ஸின் சோர்ஸ் கோடு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. மேலே சொன்ன புஷ், புல், புட், ரிசர்வ் நான்கையும் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு சில வரிதான். நாம் லேபில் எழுதும் புரோகிராமை விடச் சின்னது.

முடிவாக

அடுத்த தடவை அந்தப் பெட்டிப் படத்தை வரையும்போது, பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நீளக் கட்டத்தையும் வரைந்து பாருங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் டேட்டா பாயின்ட்டர் எங்கே நிற்கிறது என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். அதன் கீழே மூன்று கேள்வி எழுதுங்கள்: இப்போது இது யார் பொறுப்பு? இதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள்? இது உண்மையில் எவ்வளவு மெமரி தின்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடிந்தால், நெட்வொர்க் எங்கே சிக்கிக்கொண்டாலும் எந்த டேபிளில் ஃபைல் நிற்கிறது என்று தேடத் தெரிந்துவிடும். பரீட்சையில் அந்தக் கட்டத்துக்குத் தனியாக மார்க் கிடைக்குமா என்று கேட்காதீர்கள். வேலைக்குப் போன இடத்தில் நிச்சயம் கிடைக்கும்.

— மூன்றாம் ஆண்டு, கணிப்பொறியியல் பிரிவு